அழுத பிள்ளைக்கு மட்டுந்தானா பால்?



இன்று நான் எழுதப்போவது இலக்கணமும் அன்று, இலக்கியமும் அன்று. ஒரு கடிதத்தைப் பற்றி எழுதப்போகிறேன். அது எனக்கு வந்த கடிதமன்று. யாருக்கு வந்ததோ அவருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஐந்து மாதங்கள் தெரியாமலே இருந்தது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. ஜூரோங் வெஸ்டில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்திருந்தேன். உணவுப் பொட்டலங்களைச் சுமந்தபடி ஓர் இளைஞன் அருகில் வந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றினான். "டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றான். தெரிந்தது. கதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் தொடக்கநிலை ஆறில் தமிழ் படித்தவன். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப்பக்கத்தில் முடித்துவிடுவான். ஆனால் வகுப்பிலிருந்த பென்சில் கூராக்கும் இயந்திரம் சிக்கிக்கொண்டால் நாங்கள் எல்லாரும் அவனைத்தான் அழைப்போம். இரண்டு நிமிடத்தில் சரிசெய்து தருவான்.

"எங்கேப்பா படிக்கிறாய்?" என்றேன். "படிக்கலை டீச்சர், நிறுத்திட்டேன்" என்றான். மின்தூக்கி வந்தது. பன்னிரண்டாம் மாடியில் யாருக்கோ பசிக்கிறது. அவன் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவன் வீட்டிற்குப் போனேன். உயர்நிலைப் பள்ளி முடித்தபின் தொழில்சார்ந்த படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். எந்த நிலையம் என்று நான் சொல்லப்போவதில்லை; சொன்னால் குற்றமெல்லாம் அந்த ஒரு நிலையத்தின் தலையில் விழுந்து நாம் அனைவரும் தப்பிவிடுவோம். ஓராண்டு நன்றாகவே படித்திருக்கிறான். பிறகு லாரி ஓட்டுநரான அவன் தந்தை பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மாலையில் உணவு விநியோகிக்கத் தொடங்கியவன் இரவிலும் போனான். காலை வகுப்புகளுக்கு வருகை குறைந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்தன. அஞ்சி, அஞ்சற்பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டான். கடைசியில் வீட்டிற்கு ஒரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில்.

அவன் தாயார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கு வந்தவர். எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். உறையிலிருந்த முத்திரையைப் பார்த்ததுமே அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. "பையனை நீக்கிட்டாங்கன்னு நினைச்சேன் டீச்சர். அவங்கப்பா பார்த்தா நொந்துபோவாருன்னு ஒளிச்சு வச்சுட்டேன்" என்று சொல்லி, முருகன் படத்திற்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

படித்தேன். நீக்கல் கடிதமன்று. "குடும்பத்தில் வருமானம் குறைந்திருந்தால் உதவிநிதி உண்டு, ஆலோசகரை வந்து பாருங்கள், இன்னின்ன ஆவணங்களைக் கொண்டு வாருங்கள்" என்று அழைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு தேதி. அந்தத் தேதி கடந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

உதவி வந்திருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சாமிப் படம்வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் பிள்ளையிடம் வந்து சேரவில்லை.

இதை நான் ஆசிரியர் அறையில் சொன்னபோது, நான் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தபடி ஒரு பழமொழியைச் சொன்னார்: "அழுத பிள்ளை பால் குடிக்கும். எல்லா உதவியும் இருக்கிறது. கேட்க வாயில்லாதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான மறுமொழி. அவருக்கு மட்டுமன்று, தலையாட்டியவர்களுக்கும். இதுநாள்வரை அவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கும்.

உதவி இல்லை என்பதன்று என் வழக்கு

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்த நாட்டில் தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைக்கு உதவி இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த தொழிற்பயிற்சி வாரியத்தின் சிறுசிறு பயிலகங்கள் இருந்த இடத்தில் இன்று சிமெய், சுவா சூ காங், அங் மோ கியோ ஆகிய மூன்று வட்டாரங்களில் மூன்று பெரிய கல்லூரிகள் நிற்கின்றன. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயிலேறினால் சுவா சூ காங் மூன்றாம் நிலையம். 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புத்தாக்க விருது ஒன்றை இந்தக் கழகம் பெற்றது. இரண்டு கட்டமாக இருந்த நைட்டெக், உயர் நைட்டெக் படிப்புகள், மூன்றாண்டில் நேரே உயர் நைட்டெக் பெறும் படிப்பாக மாற்றப்பட்டு வருகின்றன.

2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு முன்னேற்ற விருது அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தேறிய, முப்பது வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரர் ஒருவர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அவருடைய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி. படிப்பை முடித்தால் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் மேலும் 10,000 வெள்ளி. சிறு தொகையா இது? இவற்றோடு உதவிநிதிகள் இருக்கின்றன, ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1991இல் தோன்றிய சிண்டா இருக்கிறது. சம்பளத்திற்கேற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளிவரை இந்தியர்களாகிய நாம் நம் ஊதியத்திலிருந்து அதற்குக் கொடுத்து வருகிறோம்.

ஆகவே, பால் இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. அழுதால்தான் தருவேன் என்பதுதான் என் வழக்கிற்குக் காரணம்.

அழமுடியாமல் செய்தவர் யார்?

பிள்ளை ஏன் அழவில்லை? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. மூன்றிலும் நம் கை இருக்கிறது.

முதலாவது, வெட்கம். 'ஐடிஇ' என்ற மூன்றெழுத்துக்கு 'இட்ஸ் தி எண்ட்' என்று பொருள் சொல்லிச் சிரித்த சமுதாயம் இது. அந்தக் கேலியைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அதைப் பரப்பியவர்கள் நாம். "இப்படியே படித்தால் அங்கேதான் போவாய்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மிரட்டாத தமிழாசிரியர் எத்தனை பேர்? நானும் மிரட்டியிருக்கிறேன். அதே பிள்ளை நான்கைந்து ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே அங்குச் செல்லும்போது, நாம் முன்பே எழுதி வைத்த தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளப் போகிறவனைப் போலத்தான் செல்கிறான். தண்டனை பெற்றவன் உதவி கேட்பானா?

கல்விக் கொள்கை நம்மைவிட வேகமாக மனம் மாறிவிட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதல் மாணவர் யார் என்று பெயர் வெளியிடுவதைக் கல்வி அமைச்சு 2012இலேயே நிறுத்தியது. 2021 முதல் அந்தத் தேர்வின் மதிப்பெண் முறையே மாறியது. விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்த பழைய பிரிவுமுறை 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் திருமண வீடுகளில், கோயில் வளாகங்களில், தேக்காவில் காய்கறி வாங்கும் இடத்தில் அந்தப் பிரிவுமுறை இன்னும் எடுக்கப்படவில்லை. "மகன் எங்கே படிக்கிறான்?" என்ற கேள்விக்குத் தொடக்கக்கல்லூரியின் பெயரை உரக்கச் சொல்கிறார்கள். மற்றதைச் சொல்ல நேர்ந்தால், "ஏதோ ஒரு கோர்ஸ்" என்று வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள்.

இரண்டாவது, மொழி. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அரசமைப்புச் சட்டமே அதற்குச் சான்று. ரயில் நிலையங்களில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒரு வீட்டின் கதி மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தில் தமிழ் எங்கே? ஆபத்தான நேரத்தில் எந்த மொழி பேசுகிறதோ அதுதான் அந்தத் தாய்க்கு உண்மையான ஆட்சிமொழி. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் படம் பிடித்து அனுப்பிப் பொங்கி எழுகிறோம். எழட்டும், வேண்டும். பெயர்ப்பலகையில் 'ற'கரம் தவறினால் வரும் சினத்தில் பத்தில் ஒரு பங்காவது, கதிரின் தாயார் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்து வரவேண்டாமா?

மூன்றாவது, காலம். உதவிநிதிக்கான விண்ணப்பம் எப்போது தேவைப்படுகிறது? குடும்பம் இடிந்து விழும்போது. அந்த நேரத்தில்தான் சம்பளச் சான்று, மருத்துவச் சான்று, குடும்பத்தார் அனைவரின் ஒப்புதல், இணையக் கடவுச்சொல், இறுதித் தேதி எல்லாம் கேட்கப்படுகின்றன. வீடு நிறைந்திருக்கும் நாளில் இவை எளிய வேலைகள். தந்தை மருத்துவமனையில் கிடக்கும்போது ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு இவை மலையேற்றம்.

வளாகச் செய்தியில் யார் முகம்?

நம் கல்லூரிகளின் செய்திமடல்களையும் வளாக அறிவிப்புகளையும் ஒருமுறை பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். திறன் போட்டியில் பதக்கம் வென்றவர், வெளிநாட்டுப் பயணம் சென்ற குழு, புதிய ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்த விருந்தினர், கைகுலுக்கல், நாடா வெட்டுதல். நல்ல செய்திகள்தாம், வென்ற பிள்ளையைப் பாராட்டவே வேண்டும். ஆனால் உதவி பற்றிய செய்தி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கடைசியில், ஒரு கட்டத்துக்குள், ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு மின்னஞ்சல் முகவரியுமாக.

பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறான்? இங்கே முகம் உள்ளவர்கள் வென்றவர்கள் மட்டுமே. உதவி வாங்குகிறவருக்கு முகம் கிடையாது என்று கற்றுக்கொள்கிறான். தந்தை நோயுற்றபோது உதவிநிதி பெற்று, ஒரு பருவம் தாமதமாகவேனும் படிப்பை முடித்த ஒரு மாணவியின் கதையைத் தலைப்புச் செய்தியாக, அவள் விருப்பத்தோடு போடுங்களேன். அவளும் வென்றவள்தானே? பதக்கம் வாங்கியவனைவிட அதிகத் தூரம் ஓடி வந்தவள் அல்லவா அவள்?

நம் தமிழ் அமைப்புகளும் இதில் விலக்கில்லை. பரிசளிப்பு விழாக்களை நாம் குறைவின்றி நடத்துகிறோம். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் தேடிப் போவதற்கு நாம் மண்டபம் எடுத்ததுண்டா?

துண்டறிக்கை போதாது

"சரி, அப்படியானால் தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்" என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்த ஒரு செய்தி என் எண்ணத்தை மாற்றியது.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்றொரு வகை உண்டு. குறைந்த கட்டணம், இரண்டாண்டுப் படிப்பு, பெரும்பாலும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். அங்கும் அப்போது இதே சிக்கல்தான் இருந்தது: கல்வி உதவி பெற நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒஹாயோ, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களில் நடந்தது. வருமானவரிக் கணக்கு எழுத வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, அங்கேயே உட்கார வைத்து, கையிலிருந்த வரிக்கணக்கைக்கொண்டே அந்த விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். வேறொரு பிரிவினருக்கு, "உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்" என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். விளைவு என்ன? விண்ணப்பம் நிரப்ப உதவி பெற்ற வீடுகளில், இரண்டாண்டுகள் தொடர்ந்து கல்லூரியில் படித்த பிள்ளைகள் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை!

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் எஞ்சும் பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள், பாடநூலுக்கு உதவினார்கள், பயண அட்டை கொடுத்தார்கள். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாணவர் தம் ஆலோசகரை அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டும் என்று விதித்தார்கள். 'வேண்டுமானால் வந்து பார்' என்று சொல்லவில்லை, 'வா' என்றார்கள். மூன்றாண்டில் தேறியவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காடு. திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு. இது 2015இல் வெளியான முடிவு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தாய்த்தமிழகத்திலேயே பாடம் இருக்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவைப் பள்ளிகளில் பரவலாக்கினார். எம்.ஜி.ஆர் 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். "பசிக்கிறது என்று எழுதிக் கொடு, சான்று காட்டு, பிறகு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் சொன்னார்களா? மணி அடித்தது, தட்டு வந்தது, சோறு விழுந்தது. அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். அதனால்தான் அந்தத் திட்டம் தலைமுறைகளை மாற்றியது.

இங்கும் அது முடியாததன்று. பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டு நம் கணக்கில் வந்து விழுகிறதே, அதற்கு ஆண்டுதோறும் நாம் மனுப் போடுகிறோமா? நம் வருமானமும் வீட்டின் மதிப்பும் அரசுக்குத் தெரியும். தகுதி உள்ளவருக்குத் தானே அனுப்புகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்தைய கல்விக் கணக்கும் நாம் கேட்காமலே திறக்கப்படுகிறது. வரிப் பற்றுச்சீட்டு தானே வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வரும்போது, உதவிநிதிகள் எல்லாவற்றுக்கும் அதே வழியைக் காட்டினால் என்ன?

மறுப்புகள் சில

"பதினேழு வயதாகிறது. தன் காலில் நிற்கக் கற்க வேண்டாமா?" என்பார் ஒருவர். ஐயா, உங்கள் மகன் தன் காலிலா நின்றான்? அவனுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பியவர் யார்? நேர்காணலுக்கு முதல்நாள் இரவு பயிற்சி கொடுத்தவர் யார்? இறுதி நாளைக் குளிர்பதனப் பெட்டியின்மேல் எழுதி ஒட்டியவர் யார்? வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் ஓர் அலுவலகமே இயங்குகிறது; அதற்குக் குடும்பம் என்று பெயர். அந்த அலுவலகம் இல்லாத பிள்ளையிடம் மட்டும் 'தன் காலில் நில்' என்கிறோம்.

"கேட்காமலே கொடுத்தால் அருமை தெரியாது" என்பார் இன்னொருவர். நாம் கேட்டா நமக்குத் தாய்ப்பால் கிடைத்தது? அதன் அருமை நமக்குத் தெரியாமலா போயிற்று?

"இது தமிழாசிரியரின் வேலையா?" என்பது மூன்றாவது மறுப்பு. இதுதான் என்னை மிகவும் சுடுகிறது. ஏனென்றால் இதை நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். வேற்றுமை உருபு கற்பிப்பது, வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வது, நவம்பரில் விடைகொடுத்து அனுப்புவது. அதற்குமேல் உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பு. அதற்குமேல் கல்லூரியின் பொறுப்பு.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளையின் பள்ளி வாழ்வில் அவன் தாயோடு தமிழில் பேசக்கூடிய ஆசிரியர் யார்? பெரும்பாலான வீடுகளுக்கு நாம் ஒருவரே. கணித ஆசிரியரின் அழைப்பைக் கண்டால் மிரளும் தாய், நம் எண்ணைக் கண்டால் "சொல்லுங்க டீச்சர்" என்கிறார். இந்த நம்பிக்கையை நமக்குத் தேர்வுத்தாள் கொடுக்கவில்லை, மொழி கொடுத்தது. தேர்வுக்குப் பிறகு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

கதிர் எனக்கு ஈராண்டுக்கு முந்திய தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியிருந்தான். அவன் தந்தை விழுந்ததும் அதே ஆண்டுதான் என்று இப்போது தெரிகிறது. நான் மறுமொழியாக ஒரு விளக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். 'எப்படியப்பா இருக்கிறாய்?' என்று மூன்று சொற்கள் எழுதியிருக்கவில்லை. தமிழாசிரியையாகிய எனக்கு அன்று தமிழ் வரவில்லை.

ஒருமுறை இழந்தது போதும்

இந்தத் தீவில் தமிழ்ப்பள்ளிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று. அந்தப் பள்ளிகள் ஏன் மூடின? பிள்ளைகள் வரவில்லை என்கிறோம். ஏன் வரவில்லை? படித்து முடித்தால் அடுத்த படி எங்கே என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. மொழியைக் காத்தால் போதும், பிள்ளையின் வாழ்வு தானே அமையும் என்று இருந்துவிட முடியாது என்பதை அந்தத் தலைமுறை விலைகொடுத்துக் கற்றது.

'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லித் தமிழவேள் கோ. சாரங்கபாணி பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக நிதி திரட்டியபோது எளிய உழைப்பாளிகளும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிப்பார்களா என்று தெரியாமலே கொடுத்தார்கள். அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பட்டறையிலும் சமையற்கூடத்திலும் மின்னியல் ஆய்வுக்கூடத்திலும் தொழில் கற்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச நமக்கு வெட்கம் என்றால், அந்த நிதியை வாங்கவும் நாம் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

நான் கேட்பவை

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே, கேட்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. கல்லூரிகளுக்கு: உதவி பற்றிய எந்தக் கடிதமும் வீட்டுக்குப் போகும்போது நான்கு மொழிகளிலும் முதல் வரி இருக்கட்டும். முழுக் கடிதம்கூட வேண்டாம். "இது தண்டனைக் கடிதமன்று. உங்கள் பிள்ளைக்கு உதவி செய்ய அழைக்கிறோம்" என்ற இரண்டே வாக்கியங்கள் போதும். கதிர் வீட்டில் அந்த இரண்டு வாக்கியங்கள்தாம் இல்லை.

இரண்டு. வருகை குறைந்த மாணவனுக்கு எச்சரிக்கை அனுப்புவதற்கு முன்பு ஒரு மனிதர் தொலைபேசியில் அழைக்கட்டும். வராத பிள்ளை சோம்பேறி என்று தொடங்காமல், வீட்டில் என்ன நடந்தது என்று தொடங்கட்டும். இறுதித் தேதி என்பது அலுவலகத்தின் வசதிக்காக. துன்பத்திற்கு நாட்காட்டி கிடையாது.

மூன்று. சிண்டாவுக்கும் நம் தமிழ் அமைப்புகளுக்கும்: துணைப்பாட வகுப்புகளை 1992 முதல் நடத்தி வருகிறீர்கள், நன்றி. அதே அக்கறையோடு, தொழிற்கல்வி பயிலும் பிள்ளைகளின் வீடுகளுக்கு அருகே, ஜூரோங்கிலும் ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும், புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். பீட்டி சாலைக்கு அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நான்கு. தமிழாசிரியர்களுக்கு: உங்கள் பழைய மாணவர் பட்டியலை எடுங்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதில் இருப்பவர்களுள் ஐந்து பேருக்கு மட்டும் இந்த வாரம் எழுதுங்கள். விளக்குப் படமோ பூப்படமோ வேண்டாம். நலம் கேளுங்கள். விடைக்குக் காத்திருங்கள்.

ஐந்து. பெற்றோருக்கு: ஆங்கிலக் கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளையின் பழைய தமிழாசிரியரிடம் கொண்டு போங்கள். படித்துச் சொல்ல மறுக்கும் ஆசிரியர் இருந்தால், அவர் கற்பித்த தமிழுக்கு என்ன பொருள் என்று அவரிடமே கேளுங்கள்.

மூத்த ஆசிரியர் அவர்களே, உங்கள் பழமொழி பொய்யன்று. அழுத பிள்ளை பால் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தத் தாயும் அழுகையை மட்டும் நம்பிப் பிள்ளை வளர்ப்பதில்லை. அழாமல் நெடுநேரம் கிடக்கும் பிள்ளையைக் கண்டால்தான் அவள் பதறி ஓடி வருவாள். அவ்வளவு சத்தமில்லாமல் கிடக்கிறதே என்றுதான் பதறுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கல்மேசையில் கதிரும் அவன் தாயாரும் நானும் உட்கார்ந்தோம். மீண்டும் சேர்வதற்கான விண்ணப்பத்தையும் உதவிநிதிக்கான விண்ணப்பத்தையும் நிரப்பினோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கேள்வியையும் நான் தமிழில் சொல்ல, அந்தத் தாய் விடை சொல்ல, கதிர் தட்டச்சு செய்தான். கடைசியில் கையெழுத்திடும்போது, "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார் அவர்.

இவ்வளவுதான் அம்மா. இந்த ஒன்றரை மணி நேரத்துக்காக உங்கள் மகன் ஓராண்டை இழந்திருக்கிறான்.

விடை இன்னும் வரவில்லை. வரும்போது அது ஆங்கிலத்தில்தான் வரும். இம்முறை அது முருகன் படத்திற்குப் பின்னால் போகாது. என் மேசைக்கு வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.